அம்மாவுக்கு ஒரு பார்சல்

மார்ச் 8, 2025, சனி

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஐந்து வாரம். வாக்கர் பிடித்து ஹால்வரை வருகிறார். எங்கள் வீடு வியாசர்பாடியில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் கீழே இறங்குவது இப்போதைக்கு இல்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "வரும்போது அத்தோ வாங்கிட்டு வாடா, வாய் செத்துப் போய்க் கெடக்கு" என்றார். அத்தோ என்றால் பர்மாவிலிருந்து வந்த நூடுல்ஸ் பண்டம்.

சாயங்காலம் பாரிமுனையிலிருந்து செகண்ட் லைன் பீச் போய், பர்மா பஜாருக்குப் பின்னால் வழக்கமாகச் சாப்பிடும் வண்டியில் இரண்டு பார்சல் சொன்னேன். எல்லாம் பிசைந்து கவரில் கட்டிக் கொடுத்தார். வால்டாக்ஸ் ரோட்டிலும் பேசின் பிரிட்ஜ் சிக்னலிலும் மாட்டி, வீடு வந்து சேர முக்கால் மணி நேரம். தட்டில் கொட்டினால் நூடுல்ஸ் ஒரே உருண்டையாக விழுந்தது. கோஸ் தண்ணீர் விட்டிருந்தது. மேலே நொறுக்கிப் போடும் முறுகலான பேஜோ, நனைந்த அப்பளம் மாதிரி துவண்டு கிடந்தது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டை நகர்த்திவிட்டார்.

"கடக்காரரு மேல தப்பில்லடா. இது மூட்ட கட்டுற சாப்பாடு இல்ல."

அம்மாவுக்கு இது வெறும் சாயங்காலத் தீனி இல்லை. 1965-இல், ஒன்பது வயதில், ரங்கூனிலிருந்து கப்பலில் மெட்ராஸ் வந்தவர். பர்மாவில் நே வின்னின் ராணுவ ஆட்சியில் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தாவின் மளிகைக் கடையும் போனது, கையிலிருந்த நோட்டும் போனது. அங்கிருந்து கூடவே வந்தது நாக்கு மட்டும்தான். அந்த நாக்குக்கு இன்று நான் கொண்டுவந்து கொடுத்தது சரியில்லை. மனது கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

நோன்பு மாதம். மண்ணடியில் அசர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் கஞ்சிக்கு வரிசை நிற்கிறது. நான் காலையிலேயே வீட்டிலிருந்து தூக்கு எடுத்துப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒரு பையன், பின்னால் பூக்கார அம்மா. யாருக்கும் யார் வீடு என்று கேள்வி இல்லை.

அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால். எல்லாம் குழைந்து ஒன்றாகிவிட்ட கஞ்சி. மூடியை இறுக்கி வண்டியில் மாட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் திறந்தபோது அப்படியே இருந்தது, சூடுகூட ஆறவில்லை. சொல்லப்போனால் வழியில் கொஞ்சம் இறுகியதில் இன்னும் நன்றாகிவிட்டது. அம்மா ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டு, மசால் வடை வாங்கவில்லையா என்று கேட்டார். நல்ல அறிகுறி.

மார்ச் 15, சனி

நேற்று ஹோலி. சௌகார்பேட்டையில் கடைப் படிகளிலும் மாடுகளின் முதுகிலும் இன்னும் ரோஸ் கலர் போகவில்லை.

முதலில் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் டிபன் சென்டர். சாயங்காலம்தான் அங்கே கடை. இட்லியும் ஊத்தப்பமும்தான் பிரதானம், அதற்கே அத்தனை கூட்டம். கல்லில் வெங்காய ஊத்தப்பம் வேகும்போது நெய்யை ஊற்றுவதைப் பார்க்க வேண்டும், ஸ்பூன் கணக்கெல்லாம் இல்லை. ஓரம் மொறுமொறுவென்று, நடு மெத்தென்று, பொடி நெய்யில் ஊறி. நின்றபடியே ஒன்று சாப்பிட்டேன். அம்மாவுக்கு ஒன்று கட்டச் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. மூடிவைத்தால் ஆவியிலேயே அந்த ஓரம் தோல் மாதிரி ஆகிவிடும். எட்டாம் தேதி கற்றுக்கொண்டது போதும்.

அப்புறம் தங்கசாலைத் தெரு. கம்பெனிக் காலத்து நாணயச் சாலை இருந்ததால் வந்த பேர். இப்போதும் மிண்ட் தெரு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரிகிறது. காகடா ராம்பிரசாத் கடை முன்னால் ஜிலேபி சட்டி. நம் ஜாங்கிரி உளுந்தில் செய்வது, இது மைதா மாவைப் புளிக்கவைத்துப் பிழிவது. நெய்யில் வெந்து பாகில் முங்கி எழுந்த உடனே வாயில் போட்டால் முதலில் நொறுங்கும், அடுத்த நொடி உள்ளேயிருந்து சூடான பாகு, அதன் பின்னாலேயே லேசான புளிப்பு. அந்தப் புளிப்புக்காகவே நான் இந்தத் தெருவுக்கு வருகிறேன். பாகு உள்ளே இருக்கும்போதே சுற்று முறுகலாக நிற்பது கொஞ்ச நேரம்தான். கால் மணி போனால் அது வேறு பண்டம்.

பாதாம் பால் அப்படியில்லை. அகலமான இரும்புச் சட்டியில் சுண்டக் காய்ந்து, ஏடு படிந்து நிற்கும் பால். தூக்கில் வாங்கினேன். வீட்டில் அம்மா ஏட்டை விரலால் வழித்துச் சாப்பிட்டார். ஆக, எது வீட்டுக்கு வரும், எது வராது என்று கொஞ்சம் பிடிபடுகிறது. குழைந்தது வரும், காய்ச்சியது வரும். முறுகல் வராது. அத்தோவில் இரண்டும் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

மார்ச் 19, புதன்

ஆபீஸ் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஐஸ்கிரீம் கடையில் பலூடா. கண்ணாடி டம்ளர் உயரமாக இருந்தது. சேமியா வேகவே இல்லை, சப்ஜா விதை ஊறவே இல்லை, மிச்சம் முழுக்க ரோஸ் சிரப். பாதியில் வைத்துவிட்டு வந்தேன். பத்து நிமிஷம் ஊறவைத்தால் தானாக மெத்தென்று ஆகிற விதை அது. அந்தப் பத்து நிமிஷத்தைக்கூடக் கொடுக்காதவர்கள்மேல் எனக்குக் கோபம்தான்.

மார்ச் 29, சனி

பெருநாள் நெருங்கிவிட்டதால் மண்ணடி முழுக்கத் துணிக்கடைக் கூட்டம். வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் செகண்ட் லைன் பீச் போனேன். கடைக்காரரிடம், "அண்ணே, பிசையாதீங்க. எல்லாத்தையும் தனித்தனியா கட்டிக் குடுங்க" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "யாருக்கு?" என்றுதான் கேட்டார். அம்மாவுக்கு, ரங்கூன்ல பொறந்தவங்க என்றேன். அதற்குப் பிறகு அவர் கட்டிய விதமே வேறு.

மஞ்சள் நூடுல்ஸ் ஒரு கவரில். நறுக்கிய கோஸும் பச்சை வெங்காயமும் இன்னொன்றில். வறுத்த வெங்காயம் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவர். பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், கடலை மாவு, எண்ணெயில் வறுத்த வரமிளகாய்ப் பொடி, உப்பு. பேஜோவை நொறுங்காமல் இருக்க ஒரு டப்பாவில் வைத்தார். வாழைத்தண்டு சூப் என் தூக்கில். இரண்டு முட்டை, வகுந்து மசாலா வைக்காமல் அப்படியே. எலுமிச்சம்பழம்கூட முழுசாகத்தான்.

வீட்டில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி பெரிய பேசினை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். நூடுல்ஸ் மேல் முதலில் பூண்டு எண்ணெய் ஊற்றி, விரலை விரித்து இழை இழையாகப் பிரித்துவிட்டார். அழுத்தவே இல்லை. தலைமுடியில் சிக்கெடுப்பது மாதிரி, கீழேயிருந்து தூக்கித் தூக்கி. பிறகு கடலை மாவு தூவினார், அது எண்ணெயைப் பிடித்துக்கொண்டு இழையில் ஒட்டியது. மிளகாய்ப் பொடி. கோஸ், பச்சை வெங்காயம். புளித்தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி, விரலிடுக்கு வழியாகச் சொட்டவிட்டார். நான் உப்பை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார்.

"உப்பு கடைசில. முன்னாடி போட்டா கோஸ் தண்ணி விட்டுடும்."

அப்போதுதான் புரிந்தது, அன்றைக்கு முக்கால் மணி நேரத்தில் கவருக்குள் என்ன நடந்தது என்று. உப்பும் புளியும் சேர்ந்து கோஸிலிருந்த தண்ணீரை எல்லாம் இழுத்துவிட்டிருக்கின்றன.

கடைசியில் உப்பு, எலுமிச்சை, வறுத்த வெங்காயம், கையால் நொறுக்கிய பேஜோ. பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் பிசைந்தது, கலந்தது என்று அர்த்தமாம். நூடுல்ஸ் மட்டுமில்லை, தக்காளியைப் பிசைந்தாலும் அதோக், தேயிலையைப் பிசைந்தாலும் அதோக். அதைத்தான் மெட்ராஸில் நாம் அத்தோ ஆக்கிக்கொண்டோம். இத்தனை வருஷம் சாப்பிட்டும் எனக்கு இது தெரியாது. அம்மாவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

முட்டையை வகுந்து, வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளி வைத்து, ஒன்றை எனக்கு ஊட்டியே விட்டார். நாற்பது வயதைத் தாண்டியவன் நான். அத்தோ கடையில் சாப்பிடுவதைவிடக் கொஞ்சம் காரம் கம்மி, புளி தூக்கல். பேஜோ வாயில் சத்தம் போட்டது. அம்மா தட்டைக் காலி செய்துவிட்டு, கடைசியில் சூப்பை தூக்கு மூடியிலேயே ஊற்றிக் குடித்தார்.

ஏப்ரல் 12, சனி

கடைக்காரரிடம் போய் அன்றைக்கு அம்மா பிசைந்ததைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவருடைய அப்பாவும் கப்பலில் வந்தவர்தானாம். "புளி தூக்கலா இருந்துச்சா? எங்கப்பாவும் அப்படித்தான் பிசைவாரு. இங்க சனத்துக்கு ஏத்த மாதிரி நாங்க கொறச்சிட்டோம்" என்றார். பிறகு ஒரு பொட்டலம் பேஜோவை என் பையில் திணித்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

"அம்மாவ ஒரு நாள் ஆட்டோல கூட்டிட்டு வாங்க. வண்டிக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டுத் தரேன். அவங்களே பிசையட்டும், நான் பாக்குறேன்."

வந்து சொன்னதும் அம்மா டிவியை அணைத்துவிட்டார். கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "கீழ வரைக்கும் மொத்தம் எத்தன படின்னு எண்ணிட்டு வா" என்றார்.

எண்ணிவிட்டு வந்தேன். மாடிக்கு 18, மொத்தம் 54. முதல் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட இடம் இருக்கிறது.