மெய்ப்புப் பார்த்த வசனங்கள்

2004-ல் தென்மாவட்டம் ஒன்றில், சபைக்குச் சொந்தமான அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவனாக வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே மேலாளர் ஒரு விதியைச் சொல்லிவிட்டார். எந்த நூலில் எந்த வேதவசனம் வந்தாலும், அதை எழுதியவர் பேராயராகவே இருந்தாலும், வேதாகமத்தைத் திறந்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பக்கத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டும். வசனம் மனப்பாடம் என்று நம்புகிறவர்கள்தான் அதிகம் தவறு செய்கிறார்கள் என்பது அவருடைய அனுபவம். இன்று அது என்னுடைய அனுபவமும் கூட.

நான் ஆண்களை நேசிக்கும் ஆண். அச்சகத்துக்கு வரும் முன்பே அது எனக்குத் தெரியும். அதற்காக இரண்டு உபவாசக் கூட்டங்களில் என் தலையில் கைவைத்து ஜெபித்திருந்தார்கள். பிசாசைக் கடிந்துகொண்டார்கள், எண்ணெய் பூசினார்கள். வயிற்றுப் புண் வந்ததைத் தவிர என்னிடம் வேறு மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. அந்த நாட்களில் ஆலயத்துக்குப் போவதை விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டாலும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதே வேதாகமத்தைத் திறந்தாக வேண்டியிருந்தது. அதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்படி இருந்துகொண்டு எப்படி இன்னும் விசுவாசியாக இருக்கிறாய் என்று கேட்ட ஓரிரு நண்பர்களுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். அவர்கள் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் உண்மையாகத்தான் சொன்னேன்.

என்னைப் போன்றவர்களுக்கு வேதாகமத்தில் கைவிரல் தானாகப் போய் நிற்கும் இடம் 1 கொரிந்தியர் 6:9. நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு, அதாவது பவர் ஐயர் தலைமையிலான குழு திருத்தி 1871-ல் முழு வேதாகமமாக வெளிவந்த பதிப்பின் வழி வந்தது, அங்கே, தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்களின் வரிசையில், ‘சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்’ என்று இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறது. சிறுவயதில் அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடுவேன். மெய்ப்புப் பார்ப்பவன் அப்படித் தாண்ட முடியாது. தாண்டினால் வேலை போய்விடும். எனவே அந்த வரியில் நிற்கப் பழகினேன். நின்றதால் சில விஷயங்கள் தெரியவந்தன. முதல் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் உள்ளது ‘மலாக்கோய்’. நேரடிப் பொருள் மென்மையானவர்கள். மத்தேயு 11:8-ல் ‘மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ?’ என்று இயேசு யோவானைப் பற்றிக் கேட்கும் இடத்தில் ‘மெல்லிய’ என்று வருவதும் இதே சொல்தான். ஓரிடத்தில் துணியின் மென்மை, இன்னோரிடத்தில் நரகத்துக்குப் போகும் பாவம். ஆங்கிலத்தில் 1946-ல் வந்த ஒரு திருத்திய பதிப்பு இரண்டு சொற்களையும் சேர்த்துத் தன்பாலீர்ப்பாளர் என்று ஒரே சொல்லாக்கிவிட்டு, 1971-ல் அதைத் தானே மாற்றிக்கொண்டது. இரண்டாவது சொல் அவ்வளவு எளிதில் விடுவதாக இல்லை. ‘ஆண்’, ‘படுக்கை’ என்ற இரு சொற்களை ஒட்டி ஆக்கிய அந்தத் தொகைச்சொல்லை, நமக்குக் கிடைத்துள்ள கிரேக்க நூல்களில், இந்த நிருபத்தை எழுதிய பவுலுக்கு முன் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதன் பொருளைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சொல் எனக்குச் சாதகமானது என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அதைக் கண்டு ஓடுவதை நிறுத்திவிட்டேன்.

2013 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009-ல் கொடுத்த விடுதலை நாலரை ஆண்டுகளில் முடிந்துபோயிற்று. அடுத்த மாதமே ஒரு துண்டுப் பிரசுரம் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. எழுதியவர் சபையில் மூப்பர். தன்பாலீர்ப்பு நோய் என்றும், மேற்கிலிருந்து வந்த சாபம் என்றும் எட்டுப் பக்கங்கள். மேசையில் என் முன்னால்தான் அது வந்து விழுந்தது. என்னைத் திட்டும் வாசகங்களில் ஒற்று மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் திருத்திக்கொண்டு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அந்த வெறுப்பை நல்ல தமிழாக்கிக் கொடுப்பது பாவமா, கடமையா என்று அன்று எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. சிவப்பு மையில் திருத்தம் போட்டது நினைவிருக்கிறது. கை நடுங்கியதால் ஓரத்தில் போட்ட குறிகள் கோணலாக விழுந்திருந்தன.

ஆனால் மூன்றாம் பக்கத்தில் வசனம் சரியாக இல்லை. ‘ஆண்புணர்ச்சிக்காரர் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை’ என்று இருந்தது. முன்னும் பின்னும் எல்லாவற்றையும் வெட்டியிருந்தார். வெட்டிய இடத்தில் புள்ளிகள் கூட இல்லை. விதிப்படி ‘வசனம் முழுமையாக இல்லை’ என்று ஓரத்தில் எழுதி, விடுபட்டதை எழுதிச் சேர்த்தேன். மறுநாள் மூப்பர் நேரில் வந்துவிட்டார்.

“தம்பி, இது வீடு வீடாக் குடுக்கிறது. பொம்பளைப் பிள்ளைங்க படிக்கும். அந்த இன்னொரு வார்த்தையெல்லாம் எப்படிப் போடுறது?”

ஒரு சொல் அவருக்குக் கூச்சமாக இருந்தது, அடுத்த சொல் இல்லை. நான் பதில் சொல்லவில்லை. மேலாளர்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அண்ணாச்சி, வசனத்தை வெட்டுறதுக்கு நமக்கு அதிகாரம் இல்ல. போட்டா முழுசாப் போடணும், இல்லாட்டி வசன எண்ணை மட்டும் போட்டுக்கிடுங்க” என்றார். அவருக்கு என்னைப் பற்றித் தெரியாது, விதிதான் தெரியும். முடிவில் அந்தப் பிரசுரம் ‘திருடரும், பொருளாசைக்காரரும், வெறியரும், உதாசினரும், கொள்ளைக்காரரும்’ வரை முழு வரிசையோடு வெளிவந்தது. சபையில் பலருக்கும் அந்த வரிசையில் இடம் இருந்தது. அன்று இரவு பல மாதங்களுக்குப் பிறகு முழங்காலில் நின்று ஜெபித்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் முடிந்ததும் திருமண அழைப்பிதழ் வேலை குவியும். ‘இது கர்த்தராலே ஆயிற்று’ என்பது பாதி அட்டைகளில் இருக்கும். சிலர் ரூத்தின் வார்த்தைகளைக் கேட்பார்கள்: ‘நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன், நீர் தங்கும் இடத்திலே நானும் தங்குவேன்.’ விதவையான மருமகள் விதவையான மாமியாரிடம் சொன்ன சொல் அது. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு. மணமக்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, நானும் சொல்லிக்கொடுக்கப் போனதில்லை. நண்பர் ஒருவரோடு 11 ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறேன். அவர் பாடகர் குழுவில் பாடுகிறார். நான் ஆண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் உட்காருகிறேன். தெருவில் எங்களை அண்ணன் தம்பி என்றே நினைத்திருக்கிறார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓலை வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்பது எங்களுக்கு நடக்கப்போவதில்லை. 2018 செப்டம்பரில் நாங்கள் குற்றவாளிகள் இல்லை என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் எங்களுக்குத் திருமண உரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்த வாரத்தில்கூட ஓலைப் படிவங்கள் அச்சிட்டோம்.

‘தடை’ என்ற அந்தச் சொல்லை எனக்கு வேறுவிதமாகக் காட்டியவர் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர். ஞாயிறு வேதபாட அட்டவணை நூலை ஒப்புநோக்க அவர் வருவார். அவர் மூலப்படியை வாய்விட்டுப் படிக்க, நான் அச்சுப்படியைப் பார்ப்பேன். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் வருகிற இடத்தில் அவர் படிப்பதை நிறுத்தினார்.

“தம்பி, இவரு மூலத்துல மந்திரி இல்ல. அண்ணகர். நம்ம ஆட்கள் மரியாதைக்கு மந்திரி ஆக்கிட்டாங்க.”

அண்ணகர் என்றால் விதையடிக்கப்பட்டவர். மத்தேயு 19-ல் ‘அண்ணகர்கள்’ என்று மொழிபெயர்த்த அதே கிரேக்கச் சொல் இங்கே மந்திரியாகிவிட்டது. பதவி பெரிதாயிற்று, ஆள் மறைந்துபோனான். உபாகமம் 23:1-இன்படி அவனைப் போன்றவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது. அதனால்தான் அவன் கேட்கிறான்: ‘இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?’ மந்திரி கேட்டால் அது சாதாரணக் கேள்வி. அண்ணகன் கேட்டால், தடை என்னவென்று நன்றாகத் தெரிந்தே கேட்கிற கேள்வி. அவன் மடியில் விரித்து வைத்திருந்தது ஏசாயாவின் 53-ஆம் அதிகாரம். இன்னும் மூன்று அதிகாரம் தள்ளினால், உடன்படிக்கையைப் பற்றிக்கொள்ளுகிற அண்ணகர்களுக்குக் குமாரர்களையும் குமாரத்திகளையும் விட உத்தமமான இடத்தை என் ஆலயத்தில் கொடுப்பேன் என்ற வாக்கு இருக்கிறது. நான் அண்ணகன் இல்லை. அவனுடைய காயத்தை என்னுடையதென்று சொல்லிக்கொள்வது நியாயமும் இல்லை. என்றாலும் அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த ஐயா ஏன் அதை என்னிடம் சொன்னார் என்று நான் கேட்டதில்லை. 2019-ல் அவர் காலமானார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயமும் தொழில் சம்பந்தமானது. நம் வேதாகமத்தில் அந்தக் கேள்விக்கு 37-ஆம் வசனத்தில், அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிலிப்பு பதில் சொல்லுகிறான்: ‘நீர் முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை.’ மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனம் கிடையாது. பின்னால் பிரதியெடுத்த யாரோ, கேள்வி பதிலில்லாமல் நிற்பதைப் பொறுக்க முடியாமல், ஒரு நிபந்தனையை எழுதிச் சேர்த்திருக்கிறார். என் தொழிலைச் செய்த யாரோ ஒருவர்தான். நானும் எத்தனையோ கட்டுரைகளில் அப்படிச் சேர்க்க நினைத்துக் கையை அடக்கியிருக்கிறேன்.

கடந்த மாதம் அதே அட்டவணை நூலின் புதுப் பதிப்பு வந்தது. ஒப்புநோக்கப் படிக்க இப்போது ஆள் இல்லை. நானே படித்து நானே பார்க்கிறேன். 37-ஆம் வசனத்தை விதிப்படி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. அடுத்த வசனத்தில், ‘இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள்’ என்ற இடத்தில் ‘ண்ணீ’ உடைந்து இரண்டு வரியாகப் பிரிந்திருந்தது. அதைச் சேர்த்து எழுதி, பக்கத்தில் கையொப்பமிட்டு, அச்சுக்கு அனுப்பினேன்.