கும்லாவிலிருந்து வந்த சபைக் கடிதம்

குன்னூரில் எங்கள் லுத்தரன் சபைக்கு மூன்று வருடம் செயலாளராக இருந்தேன். அதிகம் அலைந்தது கூரை மாற்றும் வேலைக்கோ அறுப்பின் பண்டிகைக்கோ அல்ல, ஒரு கைக்குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு.

பெற்றோர் ஜார்க்கண்டில் கும்லா மாவட்டத்துக்காரர்கள். பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் வேலை, லைன் வீட்டில் குடியிருப்பு. நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்ட பிறகு இங்கே பல தோட்டங்களுக்கு ஆள் வருவது அந்தப் பக்கமிருந்துதான். இருவரும் கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். பாட்டுப் புத்தகத்தைத் தொட மாட்டார்கள். ஆனால் எழும்ப வேண்டிய இடத்தில் நமக்கு முன்னால் எழும்பிவிடுவார்கள். மணியடிக்கும் அண்ணன்தான் இதைக் கவனித்துச் சொன்னார்.

குழந்தை பிறந்ததும் ஞானஸ்நானம் கேட்டார்கள். வெலிங்டனில் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் தாத்தா ஒருவர் சபையில் உண்டு. அவர்தான் இந்திக்கு ஆள். "எந்தச் சபை?" என்று கேட்டதற்கு அந்தப் பெண் "லுத்தரன்" என்றாள். சபைச் சங்கத்தில் பாதிப் பேர் நம்பவில்லை. ஜார்க்கண்டில் ஏது லுத்தரன்?

குருவானவர் அவளைப் பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொன்னார். இந்தியில் கடகடவென்று சொன்னாள். ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு நிறுத்தி, "இஸ்கா க்யா அர்த் ஹை?" என்று கேள்வியையும் தானே கேட்டுப் பதிலையும் சொன்னாள். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்த 'அர்த்' காதில் விழுந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "இதற்கு அர்த்தம் என்ன?" என்ற அதே கேள்விக்குப் பதில் மறந்து, திடப்படுத்தல் வகுப்பில் (நற்கருணைக்கு முன் விசுவாசப் பாடம் படிக்கும் வகுப்பு) பிரம்படி வாங்கியவன் நான். 1529இல் லூதர் எழுதிய அதே கேள்வி-பதில் ஞானோபதேசம்.

அதன்பின் குருவானவர் விளக்கினார். தரங்கம்பாடிக்கு லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்தது 1706. ஜார்க்கண்டில் ராஞ்சிக்கு ஜெர்மனியிலிருந்து காஸ்னர் மிஷனரிகள் போனது 1845. முதல் உலகப்போரில் ஜெர்மானிய மிஷனரிகளை ஆங்கிலேயர் வெளியேற்றியதால் இரண்டு சபைகளும் சொந்தக் காலில் நிற்க வேண்டி வந்தது. நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919 ஜனவரியில், அவர்களுடையது அதே வருடம் ஜூலையில்.

சரி, கடிதம் வேண்டுமே! பெற்றோர் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்கள் என்று தாய்ச்சபை எழுதித் தர வேண்டும். அவர்கள் ஊர்ப் பாதிரியாருக்குப் பல கிராமங்கள். அந்தப் பெண்ணின் மாமனார் சந்தை நாளில் அவரைத் தேடிப் பிடித்து வாங்கி, வாட்ஸப்பில் படம் அனுப்பினார். சங்கத்தில் அசல் வேண்டும் என்றார்கள். ஏழு வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் அசலும் வந்தது, முத்திரையோடு. அது இந்தியில் இருக்கிறதே என்றார்கள். தாத்தா உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தார். ராணுவக் கையெழுத்து, அதை வாசிக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது.

உண்மையான தடை கடிதமே இல்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் கடைசியில் வாய்விட்டுக் கேட்டார்: "இவங்களைச் சேர்த்தா நாளைக்குக் கல்லறைத் தோட்டத்துல இடம் கேப்பாங்களே?" மலையில் ஆறடி நிலத்துக்குக் கிராக்கிதான், மறுக்க முடியாது. ஆனால் இப்படி முன்பு யாரையாவது சேர்த்திருக்கிறார்களா என்று பதிவேட்டில் தேடியபோது அவர் அப்பாவின் பெயரே அகப்பட்டது. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு மண்டபம் முகாம் வழியாக வந்த குடும்பம். தாய்ச்சபை: பதுளை. குறிப்பு: 'கடிதம் இல்லை. விசாரித்துச் சேர்க்கப்பட்டது.' பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஞானப்பெற்றோர் யாரு?" என்று மட்டும் கேட்டார்.

ஹவில்தார் தாத்தாவும் பாட்டியும் ஞானப்பெற்றோராக நின்றார்கள். குருவானவர் தமிழில் கேட்க, அந்தப் பெண் இந்தியில் பதில் சொன்னாள். குழந்தை எந்த மொழியும் இல்லாமல் ஆலயமே அதிர அழுதது. தண்ணீர் அவ்வளவு குளிர். வெந்நீர் கலந்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது இதே கடிதத்துக்காக இன்னும் நான்கு குடும்பங்கள் காத்திருக்கின்றன. கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் ஞாயிறு காலையும் வேலை இருப்பதால், மாலை மூன்று மணிக்கு இன்னொரு ஆராதனை கேட்டிருக்கிறார்கள். மூன்றரை என்றால் பஸ் வசதி என்று அந்த மூத்தவர்தான் திருத்தினார்.