வெலோ ஓப்பல்: நீர் குடிக்கும் கல்

மார்ச் 3, 2024

ஜெய்ப்பூரில் மெருகிடப்பட்ட எத்தியோப்பிய வெலோ ஓப்பல் என்னும் மணிக்கல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, எடை 2.14 காரட். பால் வெண்மையான உடலைச் சற்றே சாய்த்தால் பச்சையும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாய் இடம் மாறுகின்றன. ஓரத்தில் ஊசிமுனையளவு சிவப்பு எழுந்து மறைகிறது. இவற்றுள் எதுவும் சாயமன்று. மிக நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஓப்பலுக்குள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருப்பதை 1964-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டு வெளியிட்டார்கள். அடுக்குகளின் இடைவெளிதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. பெரிய உருண்டைகள் ஒழுங்காக அமைந்தால்தான் சிவப்பு தோன்றும் என்பதால் அது அரிது, விலையும் அதிகம்.

மார்ச் 5

1994-இல் எத்தியோப்பியாவின் ஷேவா பகுதியிலிருந்து வந்த பழுப்பு ஓப்பல்களில் பல வெடித்துப் போனதால், அந்நாட்டுக் கல் என்றாலே வணிகர்கள் தயங்கினார்கள். 2008-இல் வடக்கே வெகல் தேனா ஊரருகே கிடைத்த வெலோ ஓப்பல்தான் அந்தத் தயக்கத்தைப் போக்கியது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகி உருவான பாறைகளுக்கிடையே, ஒரு மீட்டருக்கும் குறைவான கனமுள்ள ஒரே படுகையில் அது இருக்கிறது. செங்குத்தான மலைச்சரிவில் கைக்கருவிகளால் குறுகிய சுரங்கம் குடைந்து ஊர்மக்களே அதை எடுக்கிறார்கள். விலை பேசும்போது, எப்போது வேண்டுமானாலும் சரியக்கூடிய அந்தச் சுரங்கத்தையும் நாம் நினைக்க வேண்டும்.

மார்ச் 10

இன்று கல்லை நீரில் இட்டேன். முதலில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் மேற்பரப்பில் ஒட்டி நின்றன. பிறகு விளிம்பிலிருந்து உள்நோக்கி வெண்மை பின்வாங்கி, நடுவில் மிளகளவாய்ச் சுருங்கி, முற்றிலும் மறைந்தது. கல் நுங்குபோல் தெளிந்துவிட்டது. நிறங்களும் ஏறக்குறைய அடங்கிவிட்டன. வெளியே எடுத்துத் துடைத்து நிறுத்தபோது 2.29 காரட். கல்லெங்கும் உள்ள நுண்துளைகளில் காற்று இருந்தவரை ஒளி சிதறியது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றின் எண்ணைவிட நீரின் எண் கல்லின் எண்ணுக்கு மிக நெருக்கமானது என்பதால், நீர் புகுந்ததும் அந்தச் சிதறல் நின்றுவிடுகிறது. அச்சமின்றிப் பார்க்கக்கூடிய மாற்றம்தான் இது, ஆனால் உலரவைக்க அவசரப்பட்டு வெயிலிலோ விளக்கருகிலோ வைக்கக் கூடாது.

மார்ச் 17

எடை பழையபடி 2.14; நிறங்கள் முழுமையாகத் திரும்பிவிட்டன. நீர் புகும் துளைகளில் எண்ணெயும் சாயமும் புகையும் கூடப் புகும். வெலோ கற்களைப் புகையூட்டிக் கருமையாக்கி விற்பது இதனால்தான் எளிதாகிறது. சொல்லி விற்றால் அதில் தவறில்லை. ஆஸ்திரேலியக் கருப்பு ஓப்பல் என்று சொல்லி விற்பது மோசடி. சோப்பும் சமையல் எண்ணெயும் நாள்தோறும் படும் மோதிரத்தில் இந்தக் கல்லைப் பதிக்க எனக்கு மனமில்லை. பதக்கமாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன். நீராவியாலோ ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் கருவியாலோ அதைத் தூய்மைப்படுத்த வேண்டாம் என்று ஆசாரியிடம் எழுதியும் கொடுத்திருக்கிறேன்.