காடு தராததை மட்டும் வாங்குங்கள்

காட்டுப் பயணத்துக்கான கருவிகளைக் குறைந்த பணத்தில் வாங்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இந்தப் பொருளைக் காட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? ஊன்றுகோல், ஈட்டி, கூரைக்கு முட்டுக் கொடுக்கும் கவைக்கொம்பு ஆகியவற்றை மரத்திலிருந்து சீவி எடுத்துவிடலாம்; ஆனால் எஃகையும், தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தையும் எந்தக் காடும் தராது. ஆகவே கையில் உள்ள பணத்தின் பெரும்பகுதியை நான் இவ்விரண்டுக்கே ஒதுக்குகிறேன்.

கத்தியில் முதலில் பார்க்கவேண்டியது அலகின் எஃகு பிடிக்குள் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதாகும். பிடியின் கடைசிவரை ஒரே துண்டாகச் செல்லும் கத்தி, விறகின் மேல் வைத்துத் தடியால் அடித்துப் பிளக்கும்போதும் தாங்கும். பிடியைக் குழாய்போலக் குடைந்து, அதற்குள் தூண்டிலும் தீக்குச்சியும் திணித்து விற்கப்படும் கத்திகளில் அலகும் பிடியும் சேரும் இடமே பலவீனமானது. அப்படிப்பட்ட ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, ஒரு மழை மாலையில் ஈர விறகைப் பிளக்க முயன்றபோது, அலகு விறகிலும் பிடி என் கையிலுமாக நின்றேன். அன்றிரவு குளிரில் உறங்கவே முடியவில்லை. பத்து முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள எளிய அலகு போதுமானது. கார்பன் எஃகு துருப்பிடிக்கும் என்றாலும் சாதாரணச் சாணைக்கல்லிலேயே எளிதாகக் கூராகும் என்பதால், துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். கடலோரத்திலும் ஓயாத ஈரத்திலும் துருப்பிடிக்காத எஃகே நல்லது.

கத்தியின் முதுகு செங்கோணமாக, விளிம்பு மழுங்காமல் இருக்கவேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903இல் உருவாக்கிய ஃபெர்ரோசீரியம் என்னும் உலோகக் கலவையால் ஆன தீக்கோலை அந்த விளிம்பால் சுரண்டினால், ஏறத்தாழ 3,000 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள பொறிகள் தெறிக்கும். நனைந்த கோலைத் துடைத்துவிட்டு மறுபடி சுரண்டலாம் என்றாலும், பொறி விழும் நாரோ பஞ்சோ உலர்ந்திருக்க வேண்டும். மலிவான லைட்டர் ஒன்றையும் உடன் வைத்திருக்கிறேன், ஆனால் கடுங்குளிரில் அதன் வாயு சரியாக வெளிவராது.

பாத்திரம் ஒற்றைச் சுவருள்ள எஃகுக் குவளையாகவோ பாட்டிலாகவோ இருக்கட்டும். இரட்டைச் சுவர் கொண்ட வெப்பக்குடுவையைத் தீயில் வைத்தால் வெடிக்கக்கூடும். எந்தப் பாட்டிலையும் மூடியிட்டுச் சூடாக்கவே கூடாது. தெளிந்த தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகள் மடிந்துவிடும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், மூன்று நிமிடம் தேவை.

மூன்றாவதாகப் பணம் மிஞ்சினால் கோடரியைவிட மடக்கு ரம்பத்தை வாங்குங்கள். களைத்த கையிலிருந்து வழுகும் கோடரி கணுக்காலில் இறங்கும், உதவி தொலைவில் இருக்கும் இடத்தில் அந்தக் காயம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆயுதத்துக்கு இதற்குப் பிறகுதான் இடம். வில்லுக்கும் கவணுக்கும் நீண்ட நாள் பயிற்சி வேண்டும், பல இடங்களில் வேட்டைக்குச் சட்டத்தடையும் உண்டு. மீன்பிடிக்க அனுமதி உள்ள இடமென்றால், நரம்பும் சில தூண்டில் முட்களும் நாம் உறங்கும்போதும் நமக்காக வேலை செய்யும். பெரிய விலங்குகளைப் பொறுத்தவரை, உணவைப் படுக்கையிலிருந்து தொலைவில் வைப்பதும், நடக்கும்போது குரல் கொடுத்துக்கொண்டே போவதும், எந்த ஆயுதத்தையும் எடுக்க வேண்டிய நிலையே வராமல் பெரும்பாலும் காக்கும். ஈட்டி தேவை என்று தோன்றினால் கத்தியைக் கழியின் நுனியில் கட்டாதீர்கள். கட்டு அவிழ்ந்தால் இருக்கும் ஒரே கத்தியும் போய்விடும். கழியின் நுனியையே கூராகச் சீவி, கருகிவிடாதபடி தணலின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். ஈரம் வற்றி நுனி இறுகும், கத்தியும் இடுப்பு உறையிலேயே இருக்கும்.