விண்டோஸ் மாற்றியதும் காணாமல் போன டிவிடி டிரைவ்

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், வீட்டுக் கணினியை விண்டோஸ் 10-க்கு மாற்றினேன். ஃபார்மட் செய்யவில்லை. கோப்புகளும் மென்பொருள்களும் இருந்தபடியே இருக்க, மேலேயே அப்கிரேடு செய்தேன். பிரிண்டர், வைஃபை எல்லாம் சரியாகவே வேலை செய்தன. அப்புறம் ஒரு நாள் தங்கை தன் கல்யாண டிவிடியைக் கொண்டுவந்து, "அண்ணா, இதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடு" என்றாள். டிஸ்க்கை உள்ளே தள்ளினால் சுற்றும் சத்தம் கேட்கிறது, விளக்கு மின்னுகிறது. ஆனால் திஸ் பிசியைத் திறந்தால் டிவிடி டிரைவ் என்ற ஒன்றே இல்லை.

பக்கத்துக் கடையில் கேட்டதற்கு, "டிரைவ் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அப்கிரேடுக்கு முன்புவரை நன்றாக ஓடிய டிரைவ், அப்கிரேடு முடிந்த கையோடு செத்துப்போவது அபூர்வம். பணம் செலவழிப்பதற்கு முன், கோளாறு டிரைவிலா விண்டோஸிலா என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

அதற்கு வழி எளிது. கணினியை அணைத்துவிட்டு மறுபடி இயக்கும்போதே டெலீட் விசையை அழுத்தி, விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனேன். (சில கணினிகளில் எஃப்2, எஃப்10 என்று மாறும்.) சாட்டா கேபிளில் இணைந்திருக்கும் டிஸ்க், டிரைவ்களின் பட்டியலில் டிரைவின் மாடல் எண் இருந்தது. அதோடு விடாமல், பழைய உபுண்டு லைவ் டிவிடி (நிறுவாமல் டிஸ்க்கிலிருந்தே ஓடும் லினக்ஸ்) ஒன்றைப் போட்டு அதிலிருந்தே பூட் செய்தேன். கொஞ்சம் மெதுவாக வந்தாலும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. ஆக, கேபிள், மின்சாரம், லென்ஸ் எல்லாமே நன்றாக இருக்கின்றன. விண்டோஸுக்கு மட்டும்தான் டிரைவ் கண்ணில் படவில்லை. பயாஸிலேயே தெரியவில்லை என்றால் மட்டும் பெட்டியைத் திறந்து கேபிளைப் பாருங்கள்.

அடுத்து, கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் பட்டியலிலேயே இருக்கும். டிவிடி டிரைவ் பெயருக்கு அருகில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி. இரட்டை கிளிக் செய்தால் கோட் 39: டிரைவரை (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருளை) ஏற்ற முடியவில்லை, அது பழுதாகியிருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம் என்ற செய்தி. அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். விண்டோஸ் தானாகவே டிரைவரைத் திரும்பப் போட்டுக்கொண்டது, மஞ்சள் குறியும் கூடவே வந்தது.

காரணம் இதுதான். சிடி ரைட் செய்யும் மென்பொருள்கள் பலவும், டிரைவின் சொந்த டிரைவருக்கு மேலேயோ கீழேயோ ஒரு குட்டி டிரைவரைச் செருகிவைக்கும். வாசலில் காவலாளி மாதிரி, போவது வருவது எல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இதற்கு ஃபில்டர் டிரைவர் என்று பெயர். அதன் பெயர், விண்டோஸின் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிவாகியிருக்கும். அப்கிரேடு ஆகும்போது அந்தப் பதிவு புது விண்டோஸுக்கும் வந்துவிடுகிறது. ஆனால் ஃபில்டர் கோப்பு காணாமல் போயிருந்தாலோ, புது விண்டோஸில் ஓட மறுத்தாலோ, டிரைவும் தொடங்காது. கோட் 19, 31, 32, 41 என்று வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

சரிசெய்ய, ரெஜிஸ்ட்ரியைத் திருத்த உதவும் ரெஜெடிட் வேண்டும். ரன் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டி, எச்கேஇஒய் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று வரிசையாக உள்ளே போனேன். அங்கே நீள நீளமான எண்களோடு ஏகப்பட்ட ஃபோல்டர்கள். நமக்கு வேண்டியது 4டி36இ965 என்று தொடங்குவது. இங்கே நிதானம் முக்கியம். அதற்கு மிக அருகிலேயே 4டி36இ967 இருக்கிறது. கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு, ஆனால் அது ஹார்ட் டிஸ்க்குக்கு உரியது. அதிலும் ஃபில்டர் பதிவுகள் உண்டு. அவற்றை அழித்தால் கணினி பூட் ஆகாமலே போகலாம். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், வலப்பக்கத்தில் கிளாஸ் என்ற வரிக்கு நேரே சிடிராம் என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். பிறகு அந்த ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்துவைத்தேன். ஏதாவது தவறினால் அந்தக் கோப்பை இரட்டை கிளிக் செய்தாலே பழையபடி ஆகிவிடும்.

வலப்பக்கத்தில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டுமே இருந்தன. அப்பர்ஃபில்டர்ஸைத் திறந்தால், எப்போதோ நிறுவி எப்போதோ நீக்கிய சிடி ரைட்டிங் மென்பொருளின் ஃபில்டர் பெயர் இன்னும் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் அழித்து ரீஸ்டார்ட் செய்தேன். மஞ்சள் குறி போய்விட்டது, திஸ் பிசியில் டிரைவ் வந்துவிட்டது! சிடி ரைட் செய்யும் மென்பொருள் இப்போதும் உங்களிடம் இருந்தால், அதைத் திரும்ப நிறுவ வேண்டிவரலாம். அப்போது புதிய பதிப்பாகப் பார்த்து நிறுவுங்கள்.

டிரைவ் வந்தாலும் டிவிடி படம் உடனே ஓடாது. விண்டோஸ் 10-இல் டிவிடி படம் பார்க்கும் வசதி கூடவே வருவதில்லை. விஎல்சி பிளேயர் இலவசம், அதைப் போட்டால் போதும். கல்யாண டிவிடிகள் பெரும்பாலும் ஸ்டுடியோக்காரர் ரைட் செய்து கொடுத்தவை. அவற்றில் தகவல் பதிவது ஒரு சாயப் பூச்சில்தான். வெயிலும் சூடும் பட்டால் அது கெட்டுவிடும். அதனால் ஓடும்போதே நகல் எடுத்துவிடுங்கள். வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டால் போதும். தங்கையின் டிஸ்க்கில் நலங்கு வரும் இடத்தில் ஒரு கீறல் இருந்ததால் அங்கே மட்டும் வெகுநேரம் திணறியது. மற்றதெல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டது.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறிகூட இல்லாமல், டிரைவின் பெயரே அடியோடு இல்லாத கணினிகளும் உண்டு. மாமா வீட்டுக் கணினி அந்த ரகம். அதற்கு ஃபில்டரை அழித்துப் பயனில்லை. ரெஜிஸ்ட்ரியில் கரன்ட் கன்ட்ரோல் செட்டுக்குள் சர்வீசஸ், அதற்குள் ஏடிஏபிஐ என்ற ஃபோல்டருக்குப் போய், கன்ட்ரோலர்0 என்று புதிதாக ஒரு கீ (ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டருக்கு அதுதான் பெயர்) உருவாக்க வேண்டும். அதில் எனும்டிவைஸ்1 என்ற பெயரில் ஒரு டிவேர்டு (எண் வகை) மதிப்பைச் சேர்த்து 1 என்று கொடுக்க வேண்டும். பெயர்களை ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் மாமா வீட்டு டிரைவும் பட்டியலில் வந்துவிட்டது.