15 கிலோ

ஜனவரி 18
டிக்கெட் உறுதி. அப்பாவும் நானும் கென்யாவுக்கு, காட்டு விலங்குகள் பார்க்க. நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சம்புரு காப்பகம், அங்கிருந்து மசாய் மாரா. சின்ன விமானம், லக்கேஜ் ஆளுக்கு 15 கிலோதான். தோளில் மாட்டும் கேமரா பையும் அதில் சேர்த்தி.

ஜனவரி 19
ட்ராலியைப் பரணில் ஏற்றியாயிற்று. காலிப் பெட்டியே 3.1 கிலோ. 15இல் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் போவதை எப்படி ஒத்துக்கொள்வது? எடையைவிடப் பெரிய சிக்கல் வடிவம். செஸ்னா கேரவனின் வயிற்றுக்கடியில் தாழ்வான ஓர் அறை உண்டு, லக்கேஜ் அதற்குள்தான் போகும். கதவு சின்னது. துணிப்பையை அமுக்கித் திணிக்கலாம். சட்டம் வைத்த பெட்டி மடங்காது. கேன்வாஸ் பை 900 கிராம். அதுதான்.

ஜனவரி 22
மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் ஊர் விமான நிலையத்தில் அட்டை கேட்பார்கள். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். என்னுடையது பழையது, ஆனால் 2016 ஜூலையிலிருந்து அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள், கவலையில்லை. கவலை அப்பாவுக்கு. வயது 66. இது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். 60 தாண்டி முதல்முறை போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு அரிதுதான், ஆனாலும் இளையவர்களைவிட அதிகம். முட்டை அலர்ஜி இருக்கிறதா, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா, தைமஸ் சுரப்பியில் கோளாறு உண்டா, மூன்றையும் கேட்க வேண்டும். இதையெல்லாம் டாக்டரிடம் பேசாமல், ஊசி போடும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போய் நிற்கக் கூடாது.

ஜனவரி 23
டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளையும் கேட்டிருக்கிறார்.

ஜனவரி 25
துணி. ஆளுக்கு முழுக்கைச் சட்டை 3, பேன்ட் 2, உள்ளாடை 4, சாக்ஸ் 3 ஜோடி. ஒரு செட் உடம்பில் போய்விடும், ஆக பையில் இருப்பது 1.5 கிலோவுக்குள். எட்டு நாளோ இருபது நாளோ, இதே எண்ணிக்கைதான். தங்கும் முகாம்களில் தினமும் துவைத்துத் தருவார்கள். உள்ளாடையைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள், சோப்புத் தூள் மட்டும் குளியலறையில் வைத்திருப்பார்கள்.

நீலமும் கறுப்பும் வேண்டாம். செட்சீ ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். அதைப் பிடிக்கக் கட்டும் பொறித்துணியே நீலமும் கறுப்பும்தான். சட்டைக்கு மேலேயே கடிக்கும். வெள்ளை சம்புரு புழுதியில் ஒரே காலையில் போய்விடும். ராணுவப் புள்ளித் துணி கூடவே கூடாது. மிச்சம் காக்கி, சாம்பல், மங்கிய பச்சை.

அப்பா கைலியை எடுத்து வைத்திருக்கிறார். நீலக் கட்டம். கூடாரத்துக்குள் மட்டும் என்றேன். 240 கிராம், துண்டு, போர்வை, வெயில் மறைப்பு மூன்றுக்கும் ஆகும். அதை விட மாட்டேன்.

ஜனவரி 26
ராத்திரி 9 மணிக்குச் சட்டை இரண்டையும் ஜீன்ஸையும் அலசி ஃபேனுக்கடியில் போட்டேன். காலை 6: சட்டைகள் காய்ந்தன. ஜீன்ஸின் இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும் இன்னும் சொதசொத. சென்னை ஈரக்காற்றில் காய்கிற துணி சம்புருவில் நிச்சயம் காயும்.

ஜனவரி 27
அப்பாவுக்கு ஊசி போடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுதியும் கொடுத்தார்.

ஜனவரி 29
ஊசி ஆயிற்று. அட்டையில் பாஸ்போர்ட் எண், தேதி, முத்திரை மூன்றையும் அங்கேயே நின்று சரிபார்த்தோம். பையிலேயே எடை குறைந்த பொருள் இதுதான்.

ஜனவரி 31
அப்பாவுக்கு லேசான காய்ச்சல். ஊசியின் வேலை என்கிறார் டாக்டர். தராசைத் தொடவில்லை.

பிப்ரவரி 2
காய்ச்சல் இல்லை. இட்லி நாலு சாப்பிட்டார். அப்பா பை 9.2, என்னுடையது 14.8!

குற்றவாளி துணி இல்லை. லென்ஸ் 1.4, கேமரா 0.7, சார்ஜர் மூட்டை 1.1. மூன்று சார்ஜரை எடுத்துவிட்டு இரண்டு வாய் உள்ள ஒன்று, கென்யாவின் மூன்று செவ்வகப் பின்னுக்கு ஓர் அடாப்டர். பல கூடாரங்களில் ப்ளக் கிடையாது, ஜீப்பில்தான் சார்ஜ், அதனால் பவர் பேங்க் ஒன்று. கைப்பையில்தான், 100 வாட்-ஹவருக்குள் (Wh). அதாவது 27,000 எம்ஏஎச் வரை.

ட்ரைபாட் வேண்டாம், ஜீப்பில் அதை விரிக்க இடமேது. கழித்த ஜீன்ஸின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மறுமுனையில் ஜிப் வைத்தாயிற்று. காலியாக 110 கிராம். முகாம் சமையலறையில் இரண்டு கிலோ மஹராக்வே கேட்டால் தருவார்கள், ராஜ்மாதான். அதை இதில் நிரப்பி ஜன்னல் விளிம்பில் போட்டு லென்ஸை அதன்மேல் அழுத்தினால் 400 மிமீ தொலைலென்ஸ்கூட ஆடாது. எஞ்சினை அணைக்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பயற்றையும் மீறி அதிர்வு ஏறும். கிளம்பும் நாள் கொட்டிக் கொடுத்துவிடலாம்.

பைனாகுலர் மட்டும் ஆளுக்கு ஒன்று. அதில் சிக்கனம் பிடித்தால், நீளக் கழுத்து ஜெரனுக் மான் பின்னங்காலில் நின்று இலை மேயும்போது ஒருவர் பார்ப்பார், மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x32 போதும்.

பிப்ரவரி 5
என் பை 12.9.

பிப்ரவரி 8
மருந்து. மலேரியாவுக்கு அடோவகோன்-ப்ரோகுவானில்: போவதற்கு ஒருநாள் முன் தொடங்கி, தினம் ஒன்று, திரும்பி 7 நாள். டாக்ஸிசைக்ளின் மலிவு, ஆனால் வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், திரும்பிய பிறகும் 4 வாரம் விழுங்க வேண்டும். அப்பாவின் பிரஷர் மாத்திரை இரண்டு பங்கு, இரண்டு கைப்பையிலும், சீட்டோடு. சன் ஸ்க்ரீன் முதலில், கொசுக் களிம்பு அதன்மேல். மாற்றிப் பூசினால் வீண்.

பாலிதீன் கவர் ஒன்றுகூட வேண்டாம். கென்யாவில் 2017 ஆகஸ்ட் 28 முதல் தடை. மருந்துக்கடைக் கவரைக்கூடப் பிரித்தெடுத்தேன். எல்லாம் மஞ்சப்பையில்: மருந்துக்கு ஒன்று, அழுக்குத் துணிக்கு ஒன்று, ஒயருக்கு ஒன்று.

பிப்ரவரி 10
மறக்கக் கூடாதது: கொடியில் காய்ந்த துணியை இஸ்திரி போடாமல் உடுத்தக் கூடாது. நிழலில் காயும் ஈரத்துணியில் ஒருவகை ஈ முட்டையிடும். புழு தோலுக்குள் இறங்கிக் கொப்புளமாகும். சூடு பட்டால் முட்டை செத்துவிடும். இடுப்பு எலாஸ்டிக், தையல் மடிப்பு, அங்கேதான் அழுத்தித் தேய்க்க வேண்டும். நாமே அலசும் உள்ளாடையைக் கூடாரத்துக்குள்ளேயே உலர்த்த வேண்டும். அப்பாவிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று.

பிப்ரவரி 11
வெப்பநாடு என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். விட மாட்டேன். மாரா 1,500 மீட்டருக்கு மேலே. காலை ஆறு மணிக்குத் திறந்த ஜீப்பில் காது விறைக்கும். பத்து மணிக்குச் சட்டையே பாரம். ஆகவே தடித்த ஒன்று இல்லை, மெல்லியதாக மூன்று அடுக்கு: சட்டை, ஃப்ளீஸ் ஸ்வெட்டர், மழைக்கோட்டு. ஃப்ளீஸும் கோட்டும் விமானத்தில் உடம்பில்.

பிப்ரவரி 13
அப்பா 8.7. நான் 12.4. தராசை நான்கு முறை பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து தூக்கினேன், அதேதான்.

இரவு 11. கைலி கட்டிலில் கிடக்கிறது. இடம் போதாது என்று அவரே வெளியே எடுத்திருக்கிறார். சுருட்டி, ஷூவுக்கும் பை ஓரத்துக்கும் நடுவே திணித்தேன். 8.9.