சீசியம் காட்டிய படிகள்

ஒரு சென்டிமீட்டர் சதுரம், 4 மில்லிமீட்டர் தடிமன், ஒரு கிராமுக்கும் குறைவான எடை. ஒளியை உமிழாத, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைத் தேடுவதற்காக நான் அளவுத்திருத்தம் செய்த சிலிக்கான் சில்லு இவ்வளவுதான். கரும்பொருளைத் தேடும் சூப்பர்சிடிஎம்எஸ் ஆய்வுக் குழுவினர் பயன்படுத்தும் ரகம். தனிச்சுழி எனும் மிகக்குறைந்த வெப்பநிலை எல்லைக்கு மேல் சில பத்து மில்லிகெல்வினில் இருக்கும் இதன்மீது துகள் மோதினால் படிகம் அதிரும். அந்த அதிர்வு மேற்பரப்பிலுள்ள டங்ஸ்டன் படலத்தைச் சூடாக்கும். மின்தடையே இல்லாத மீக்கடத்து நிலையின் விளிம்பில் நிற்கும் படலத்தின் மின்தடை கூடி, மின்னோட்டம் சரியும். திரையில் தெரிவது அந்தச் சரிவு மட்டுமே. அது எத்தனை எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் நுண்ணலகு) என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் லேசர். 635 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் ஒரு ஃபோட்டானுக்கு 1.95 எலக்ட்ரான் வோல்ட். சில்லுக்கு 100 வோல்ட் கொடுத்தால், ஒரு ஃபோட்டான் உருவாக்கும் எலக்ட்ரான்-துளை இணை (விடுபட்ட எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமும்) படிகத்தைக் கடக்கையில் இன்னும் 100 எலக்ட்ரான் வோல்ட்டை அதிர்வாக இறக்கும். 102, 204, 306 என்று சிகரங்கள் சீப்புப் பற்கள்போல் எழுந்தன. பார்க்கவே சுகம்.

ஆனால் மோதலின் ஆற்றல் கலப்பின்றிக் கிடைப்பது மின்னழுத்தம் இல்லாதபோதுதான். அப்போது 1.95 என்பது கருவி பிரித்தறியும் பகுதிறனுக்கு எட்டாத அளவு; சிகரங்கள் கரைந்து ஒரே மேடாகிவிட்டன. சராசரியும் பரவலும் சேர்ந்து கூடும் விதத்திலிருந்து ஒரு ஃபோட்டானின் பங்கைக் கணக்கிடலாம், கணக்கிட்டேன். ஆனால் சில ஃபோட்டான்கள் சிலிக்கானில் விழாமல் நேரே உணரியின் உலோகத்திலேயே விழுகின்றன. அதனால் லேசரை மட்டும் நம்ப மனம் வரவில்லை. இரும்பு-55இன் எக்ஸ் கதிரும் உதவவில்லை: 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் விழுந்தால் படலம் முழுதும் மீக்கடத்து நிலையை இழக்கிறது, துடிப்பின் உச்சி தட்டையாகிவிடுகிறது.

எனவே சீசியம்-137 என்ற கதிரியக்க மூலம். அதன் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் செம்புச் சுவர்களையும் கடந்து உள்ளே வரும். மூலத்தை வெளியே வைத்தாலே போதும். காமா கதிர் எலக்ட்ரானில் மோதிச் சிதறும்போது, அதன் பிணைப்பு ஆற்றலுக்குக் குறையாமல் கொடுத்தால்தான் அதை விடுவிக்க முடியும். சிலிக்கானின் 14 எலக்ட்ரான்களும் 1,839 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் பங்கேற்கும். அதற்குக் கீழே உட்கூட்டின் இரண்டு விலகிவிடும். சுமார் 150க்குக் கீழே மேலும் இரண்டு, 99க்குக் கீழே ஆறு. நிறமாலையில் இவை படிகளாக இறங்கும். படியின் இடத்தை அணுவே தீர்மானிக்கிறது, நாம் நகர்த்த முடியாது.

மூலத்தை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதுதான் பெரும் இழுபறி. நெருக்கினால் ஒரு துடிப்பு அடங்குமுன் அடுத்தது அதன் முதுகில் ஏறிவிடுகிறது. விலக்கினால் படி தெளிய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் வெப்பநிலை மெல்ல நகரும். அதைக் கண்காணிக்க லேசரை அவ்வப்போது மின்னவிட்டேன். அந்த வேலைக்கு அது தங்கம்.

1,839இன் படி முதலில் தெளிந்தது. கீழ்ப்படிகள் எளிய கோட்பாடு சொல்லும் செங்குத்து வெட்டாக இல்லை. சிலிக்கான் சிசிடியில் (கேமராக்களில் உள்ளது போன்ற ஒளியுணர் சில்லு) அமெரிசியம்-241 என்ற கதிரியக்க மூலம் கொண்டு அளந்தவர்கள், 500 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே அந்தக் கோட்பாடு மிகைப்படுத்துகிறது என்று 2022இல் காட்டியிருந்ததால் இதை எதிர்பார்த்தே இருந்தேன். திருத்திய வடிவத்தைப் பொருத்தியபோது மேல்படியும் கீழ்ப்படிகளும் ஒரே நேர்கோட்டில் அமையவில்லை; டங்ஸ்டன் படலம் மீக்கடத்து நிலையை இழக்கும் எல்லையை நெருங்கித் தெவிட்டத் தொடங்குவதால் கோடு வளைகிறது. லேசர் கணக்கும் அதிலிருந்து சற்று விலகியே நின்றது. ஆகவே பதிவேட்டில் 0 வோல்ட்டுக்குச் சீசியம் வளைகோடு, 100 வோல்ட்டுக்கு லேசர் சிகரங்கள் என்று பிரித்தே எழுதியிருக்கிறோம்.